கரையாத குங்குமம்

அந்தக் குங்குமப் பொட்டு அங்கே இருக்கவே கூடாது.

வாமன் குனிந்தபடியே நின்றுவிட்டான். கை தவறி உள்ளே விழுந்த மூடி ஒன்றைத் தேடித்தான் செல் வளர்க்கும் பழைய இன்குபேட்டரின் அடித்தட்டை வெளியே இழுத்தான். எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டிய எவர்சில்வர் தட்டு. ஒரு சொட்டு ஈரம் இல்லை. நடுவில், வைத்த அன்றிருந்த அதே சிவப்பில் பொட்டு.

வைத்தவன் அவன்தான்.

மைசூரில் ஆயுத பூஜை அன்று லாரிக்கும் சைக்கிளுக்கும் மாலை விழும்போது ஆய்வுக்கூடம் மட்டும் சும்மா இருக்குமா? அந்த இன்குபேட்டரை வேறு யாரும் தொடக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். அதனால் தட்டைத் தானே கழுவித் துடைத்து, மைக்ராஸ்கோப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பொட்டிட்டான். பூஜை முடிந்ததும் பொரியை மென்றுகொண்டே தட்டை உள்ளே தள்ளினான். தண்ணீர் ஊற்றவில்லை.

மறுநாளே சோதனையை ஆரம்பித்தான்.

மூளையில் நரம்புகளுக்குத் துணையாக நிற்கும் செல்கள் உண்டு. அவற்றின் சுவரில் தண்ணீர் போய்வர நுண்ணிய கதவுகள். அக்வாபோரின் என்ற புரதம். அந்தக் கதவுகளைக் கூட்ட ஒரு மருந்து கிடைத்தால், அடிபட்டு வீங்கிய மூளையிலிருந்து நீரை வடிக்கலாம் என்பது வாமனின் கனவு. எலியின் மூளைச் செல்களைக் கிண்ணங்களில் வளர்த்தான். மருந்தின் ஆவி மற்றவற்றில் படக் கூடாதென்று மருந்திட்டவை பழைய இன்குபேட்டரில், மருந்தில்லாதவை புதியதில். மருந்திட்ட செல்களில் கதவுகள் மளமளவென்று பெருகின. ஊரே பாராட்டியது.

அதே சோதனையை அவனுக்குக் கீழே ஆய்வு செய்யும் உமாதேவி முழுக்கப் புது இன்குபேட்டரிலேயே செய்தாள். ஒன்றும் பெருகவில்லை.

இன்குபேட்டரில் ஏதாவது வித்தியாசம் இருக்குமோ என்று போன மீட்டிங்கில் அவள் கேட்டாள். அவள் அப்பா கொள்ளேகாலில் பட்டு நெய்பவர். வாமன் எல்லார் முன்னாலும் சொன்ன பதில் இப்போது அவன் காதிலேயே அறைந்தது.

"இன்குபேட்டர்ல இல்லம்மா வித்தியாசம், கையில. தறி பிடிக்கிற கை பைப்பெட் பிடிச்சா இப்படித்தான்."

ஹாலே சிரித்தது. அதோடு விடாமல் அவள் வேலை நம்பத்தக்கதல்ல என்று டைரக்டர் பசவராஜிடமும் சொன்னான். அதன் விளைவாக இன்று அவளுக்கு இங்கே கடைசி நாள். இன்னும் சற்று நேரத்தில் மேல்மாடியில் வாமனின் செமினார்.

தட்டு வறண்டால் உள்ளே காற்று வறளும். கிண்ணத்தில் திரவம் வற்றும். உப்பு செறியும். உப்பு மிஞ்சினால் செல் தானாகவே கதவுகளைக் கூட்டிக்கொள்ளும். மருந்து எதையும் செய்யவில்லை. செய்தது, அவன் ஊற்றாத தண்ணீர்.

வாமன் தட்டோடு சிங்க்குக்கு ஓடினான். குழாயைத் திருகினான். ஓர் ஓரமாகப் பொட்டு கரைந்து சிவப்பாக வழிந்தது. இன்னும் கொஞ்சம் போதும். எவனுக்கும் தெரியாது.

குழாயை ஒரு கை மூடியது. உமாதேவி. அலமாரிச் சாவியை ஒப்படைக்க வந்திருந்தாள். தட்டைப் பார்த்தாள். திறந்து கிடந்த இன்குபேட்டரைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"பூஜைக்கு வெச்ச பொட்டுங்களா சார்?"

வாமன் தலையை ஆட்டினான். முகம் தீயாய் எரிந்தது. "மன்னிச்சிடுங்க உமாதேவி" என்றான். அவளை 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. அது அவனுக்கே உறைத்தது.

"இங்க நாம ரெண்டு பேருதானுங்களே" என்றாள் அவள். "அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாம் மேல ஹால்ல இருக்காங்க."

சாவியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தாள்.

வாமன் ஹாலுக்குள் நுழைந்தபோது புரொஜெக்டர் தயாராக எரிந்துகொண்டிருந்தது. அவன் கையில் ஸ்லைடுகள் இல்லை. தட்டுதான் இருந்தது.

"ஏன்ரீ வாமன், பிரசாதானா?" என்று கன்னடத்தில் கேட்டார் பசவராஜ். சிரிப்பலை.

அது அடங்கும்வரை நின்றான். பிறகு தட்டை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துச் சொன்னான். பூஜை, பொரி, வற்றிய திரவம், சற்றுமுன் திருகிய குழாய். அதையும் விடவில்லை. உமாதேவியின் கையில் பிழை இல்லை என்றும், அன்று தான் பேசியது அசிங்கம் என்றும் சொன்னான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

பசவராஜ் அவனை விட்டுக் கண்ணை எடுத்தார். பின்வரிசைக்குத் திரும்பி, இரண்டு இன்குபேட்டரிலும் சேர்த்து மறுபடி செய்து பார்க்க முடியுமா, இங்கேயே இருக்க முடியுமா என்று அங்கே வந்து உட்கார்ந்திருந்த உமாதேவியைக் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். வாமனின் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கறேனுங்க. தண்ணி மட்டும் நானே ஊத்திக்கறேன்."

ஹால் மறுபடி சிரித்தது. வாமன் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பாதி கரைந்த குங்குமம் அவன் வெள்ளைக் கோட்டின் கையில் இறங்கிக்கொண்டிருந்தது.