திரும்பி வந்ததற்கு

தன் சலூன் கதவைக் காற்றுக்காகத் திறந்து வைத்தவன் அவனேதான். அவன் நாய் பஞ்சு அதன் வழியே நழுவி, பேருந்துகள் ஓடும் சாலையைக் கடந்து எதிர் ஓரத்தில் போய் நின்றது.

"பஞ்சு! வாடா இங்க!"

நாய் இரண்டடி பின்னால் போனது.

ஓடுவது புதிதல்ல. ஒவ்வொரு முறையும் தானே திரும்பி வரும். வந்ததும் சுருட்டிய செய்தித்தாளால் முதுகில் ஒன்று வாங்கும். ஓடினால் அடி என்று புரியவைப்பதாக அவன் நினைத்திருந்தான். மனைவி பிஸ்கட்டும் கையுமாகத் திரிகிறவள். "செல்லம் குடுத்தே குட்டிச்சுவராக்கு" என்பான்.

இப்போது அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போன் போட்டான்.

"கத்துறீங்களா?" என்றாள், விஷயத்தைக் கேட்டதும்.

"பின்ன, பாட்டா பாடுவாங்க?"

"கையில பேப்பர் இருக்கா?"

இருந்தது. நழுவவிட்டான். "கீழ போட்டுட்டேன்."

"கூப்பிடாதீங்க. முதுகக் காட்டிக் கீழ உக்காருங்க."

"தெருவுலயா? மானம் போயிரும்."

"நாய் போனாப் பரவாயில்லையா?"

உட்கார்ந்தான். பாதி முகத்தில் நுரையோடு வாடிக்கையாளர் வாசலுக்கு வந்தார்.

"என்னண்ணே, கடைய இங்க மாத்திட்டீங்களா?"

"சும்மா இருய்யா."

"திரும்பிப் பாக்காதீங்க" என்றாள் மனைவி. "உங்க முகத்தப் பாத்தா நானே வரமாட்டேன்."

பின்னால் ஒரு பேருந்து வரும் சத்தம். பிரேக் கிறீச்சிட்டது. கண்களை இறுக மூடிக்கொண்டான்.

முழங்கையில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது.

கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். பஞ்சு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, கண்களை மூடி, முதுகைக் கொடுத்தது. அடி விழும் என்று தெரிந்துதான் வந்திருந்தது. இதுவரை எல்லா முறையும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

கை அந்தரத்தில் நின்றது.

"வந்துட்டானா?"

"வந்துட்டான்."

"ஏதாவது குடுங்க."

சட்டைப்பையில் சீப்பு இருந்தது. "எங்கிட்ட ஒண்ணுமில்லையே."

"கை இருக்குல்ல?"

காதுகளுக்குப் பின்னால் விரல்களை வைத்தான். எவ்வளவு முறைப்பான ஆளும் நாற்காலியில் தூங்கிப்போகும் அந்த இடத்தில், மெதுவாக அழுத்தித் தேய்த்தான். பஞ்சு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. செய்தித்தாளைத் தேடியது. பிறகு கனத்த தலையை அவன் மடியில் போட்டது.

"அண்ணே, நுரை காயுது."

"மூஞ்சியக் கழுவிட்டு உக்காருய்யா" என்றான். "இவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."