பள்ளிவாசலடியில் மேளம் நின்றதா?

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. ஒரு சஞ்சிகை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "இஸ்லாமியரின் சமய வாழ்விலும் அரசியலிலும் இசை. இதைப் பற்றி ஒரு கட்டுரை தருவீங்களோ?" நான் யோசிக்காமல், "ஓம், தெரிஞ்ச விசயம்தான்" என்றேன். எனக்கு இசையும் தெரியாது, இஸ்லாமும் தெரியாது. அரசியல் கொஞ்சம் தெரியும். யாழ்ப்பாணத்தில் அது தெரியாமல் பாண் வாங்கவும் முடியாது.

ஒரு கிழமை புத்தகங்களைப் புரட்டினேன். விளங்கியது இவ்வளவுதான்: தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் அதைப் பாட்டு என்று சொல்லக்கூடாது. குர்ஆன் ஓதுவதும் பாட்டல்ல. றபான் என்ற கைப்பறையை அடிக்கலாம் என்று ஒரு சாரார், கூடாது என்று இன்னொரு சாரார். (தேர்தல் வந்தால் இரண்டு சாராரின் வேட்பாளர்களும் ஒலிபெருக்கி கட்டி, றபானோடு பாட்டுப் போடுகிறார்கள். இதைக் கட்டுரையில் எழுதினால் எனக்கு அடி விழும். கதையில் எழுதினால் பாத்திரத்துக்கு விழும். ஆகவே கதை.)

2

முதல் தொடக்கம்: "பாங்கொலி மெல்ல மிதந்து வந்த அந்த மாலையில்..."

என் மனைவி தக்சாயினி வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறாள். நான் எழுதுவதை முதலில் வாசிப்பவள் அவள்தான். இரக்கமில்லாமல் வாசிப்பாள்.

"இஞ்சேருங்கோ, முஸ்லிம் ஆக்களைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் எல்லாரும் பாங்கோடைதான் தொடங்கிறியள். அடுத்ததாப் புரியாணி வருமோ?"

புரியாணி மூன்றாவது வசனத்தில் இருந்தது. அழித்தேன்.

இரண்டாவது தொடக்கம்: "மஹ்றூபுக்கு மேளச் சத்தம் பிடிக்காது." இதுவும் பொய். அவருக்கு மேளம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மேளம் நிற்பது அதைவிடப் பிடிக்கும். இதை விளக்காமல் கதை நகராது.

3

மஹ்றூபுக்கு அறுபது வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு சின்னப் பள்ளிவாசலின் மோதினார், அதாவது ஐந்து வேளையும் பாங்கு சொல்பவர். அவருக்கு முன் அவருடைய வாப்பா அந்த வேலையைப் பார்த்தார். (பள்ளிவாசலைத் தேடிப் போகாதீர்கள், நான் கட்டியது. பக்கத்துக் கோயிலும் நான் கட்டியதுதான். கும்பாபிஷேகம் இன்னும் ஆகவில்லை.)

முந்தியெல்லாம் திருவிழாவில் அந்தக் கோயில் சுவாமி பள்ளிவாசல் வீதியால் வருவார். வாசலுக்கு இந்தப் பக்கம் மேளம் நிற்கும். ஐம்பது அடி தாண்டிய பிறகு மறுபடி தொடங்கும். [இந்த இடத்தில், பள்ளிவாசல் முன் வாத்தியம் வாசிப்பது இலங்கை அரசியலில் கிளப்பிய சண்டைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தக்சாயினி அதில் வெங்காயம் உரித்தாள்.] அந்த ஐம்பது அடிக்குள் மஹ்றூபின் வாப்பா தவில்காரருக்குச் சர்பத் கொடுப்பார்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் புலிகள் இயக்கம் இரண்டு மணி நேரம் கொடுத்து நகரத்து முஸ்லிம்களை வெளியேற்றியது. மஹ்றூப் இருபது வருடம் புத்தளத்தில் இருந்தார். வாப்பா அங்கேயே மௌத்தானார். போர் முடிந்த பிறகு மஹ்றூப் மட்டும் திரும்பி வந்தார்.

போன மாதம் கோயில் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இம்முறை சுவாமி பின்னேரத் தொழுகை நேரத்தில் வருகிறார், மேளத்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். பள்ளி நிருவாகம் பதில் சொல்லும் பொறுப்பைப் பழைய ஆளான மஹ்றூபிடம் விட்டுவிட்டது. "ஓம்" என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்திருக்கும். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மானிப்பாய்க்குப் போனார். அந்த நாளில் சர்பத் வாங்கிக் குடித்த தவில்காரர் ஆழ்வாப்பிள்ளை அங்கேதான் இருக்கிறார்.

4

"ஆழ்வாப்பிள்ளையண்ணை, ஒண்டு கேக்கவேணும். மறைக்காமல் சொல்லுங்கோ."

"கேள் தம்பி."

"நாங்கள் இல்லாத காலத்திலை, பள்ளியடியிலை மேளம் நிண்டதோ?"

ஆழ்வாப்பிள்ளைக்கு உடனே பிடிபடவில்லை.

"உள்ளுக்கை ஆருமில்லை, அண்ணை. பாங்கில்லை, தொழுகையில்லை. ஆடு படுத்திருந்திருக்கும். அப்பவும் நிப்பாட்டினீங்களோ? நிப்பாட்டினதெண்டால், அது எங்கடை இடமாத்தான் இருந்திருக்கு. இல்லையெண்டால், கோயில் சபையின்ரை கடிதத்துக்கு நான் என்னெண்டு பதில் எழுதுறது?"

ஆழ்வாப்பிள்ளை தவிலைப் பார்த்தார். இங்கே என் பேனா நின்றுவிட்டது. (உண்மையில் மடிக்கணினி. மடிக்கணினி நின்றது என்று எழுதினால் மின்வெட்டு என்று நினைப்பீர்கள்.)

5

முடிவு ஒன்று.

"நிண்டது தம்பி. ஒவ்வொரு வருசமும் நிண்டது." மஹ்றூப் கண்ணைத் துடைக்கிறார்.

தக்சாயினி வாசித்தாள். "வடிவாயிருக்கு. எங்கடை முதுகிலை நாங்களே தட்டிக் குடுக்கிறம்."

முடிவு இரண்டு.

"நிக்கேல்லை. ஆருக்காக நிப்பாட்டுறது?" மஹ்றூப் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார்.

"இதுவும் உங்களுக்கு வசதிதான். முழுப் பழியையும் ஒரு தவில்காரற்றை தலையிலை கட்டிப்போட்டு நீங்கள் தப்பிறியள்."

முடிவு மூன்று.

"முதல் வருசம் கை தன்பாட்டிலை நிண்டது, தம்பி. பின்னாலை வந்த சனம், 'ஏன் நிப்பாட்டினனீங்கள், அங்கை ஆர் இருக்கினம்?' எண்டு கேட்டுது. அடுத்த வருசம்..."

அடுத்த வருடத்தை எழுத எனக்கு வரவில்லை. தக்சாயினி இந்த முறை கேலி செய்யவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பின்னாலை வந்த சனத்துக்குள்ளை நீங்களும் இருந்தனீங்களோ?"

6

இருந்தேன். தொண்ணூற்றொன்றில் எனக்குப் பதினெட்டு வயது. இப்படி ஒரு சுவாமிக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த இப்படி ஒரு பள்ளிவாசலைத் தாண்டி நடந்தேன். கச்சான் தின்றது நினைவிருக்கிறது. முன்னால் போன பெண் கட்டியிருந்த பாவாடையின் நிறம் நினைவிருக்கிறது. மேளம் நின்றதா என்பது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மஹ்றூப் என்னிடம் வராமல் தவில்காரரிடம் போனது நான் செய்த ஏற்பாடு.

அந்த வருடங்களில் நீங்களும் அந்த வீதியால் போயிருக்கலாம். சுவாமிக்குப் பின்னால் இல்லையென்றால், சைக்கிளில், ரியூசனுக்கு, சந்தைக்கு. மஹ்றூப் இன்னும் ஆழ்வாப்பிள்ளை வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறார். தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறக்கப் போகிறார். அவருக்கு முன் நீங்கள் சொல்லுங்கள்: மேளம் நின்றதா?