பெயர்ப்பலகைக்கு ஓர் ஆட்டம்

ஸ்குரூடிரைவரோடு நாற்காலிமேல் ஏறி நின்று வாசலிலிருந்த பெயர் போர்டைக் கழற்றப் போனான் என் பெரிய தம்பி. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். விழுந்து தொலைத்தால் அதற்கும் நான்தானே ஓட வேண்டும்!

தம்பிகள் இரண்டு பேரும் என் வீட்டுக் கார் கொட்டகையில் ஆரம்பித்ததுதான் ‘அண்ணன் தம்பி பின்பால் கழகம்’. கண்ணாடிக்கடியில் இரும்புப் பந்து ஓடி மணிகளில் மோதுமே, ஓட்டைக்குள் விழுந்தால் போச்சு, அந்த மாதிரி யாரோ தூக்கிப்போட்ட பழைய விளையாட்டு மெஷின்களைக் கொண்டுவந்து, துரு சுரண்டி, ஒயர் மாற்றி, ஓட வைப்பார்கள். பிறகு எங்கள் தெரு டெய்லரும் ஒரு பல் டாக்டரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருநாள் சின்னவன், ஒரு மெஷினில் மங்கிப்போயிருந்த கண்ணாடிப் படத்துக்கு ஆசையாகப் புது வர்ணம் தீட்டிவிட்டான். பெரியவனுக்குப் பழையது பழையதாகவே இருக்க வேண்டும். “கை வைக்கத் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அன்று எழுந்து போனவன்தான் சின்னவன். மாதக்கணக்காகிறது. இரண்டும் வீம்பு பிடித்த ஜென்மங்கள்.

“பாக்க வர்றவங்கல்லாம் தம்பி எங்கன்னு கேக்குறாங்கக்கா. வெள்ளிப் பந்துக் கழகம்னு மாத்திட்டா நிம்மதி,” என்றான் பெரியவன்.

அந்தப் பெயரும் போய்விட்டால் சின்னவன் எந்த உரிமையில் படியேறுவான்?

“உங்களுக்குள்ள தகராறுன்னா ஆடித்தானேடா தீத்துக்குவீங்க? நானும் ஆடுறேன். நான் ஜெயிச்சா போர்டு அங்கதான் இருக்கும்.”

டெய்லர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். அந்த மெஷின்களைத் துடைத்ததோடு சரி, நான் ஆடியதே இல்லை. முதல் இரண்டு பந்துகளும் வந்த வேகத்தில் ஓட்டைக்குள் போயின. “பயப்படாதீங்கக்கா,” என்றார் டாக்டர், பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி. மூன்றாவது பந்துக்கு என்ன தோன்றியதோ, நடுவில் மாட்டிக்கொண்டு மணிக்கு மேல் மணியாக அடித்துப் பாயின்ட்டை ஏற்றித் தள்ளியது. டெய்லர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பெரியவன் கடைசிப் பந்தில் என் பாயின்ட்டைப் பிடித்துவிட்டான். இன்னும் ஒரு மணி அடித்தால் முடிந்தது. பந்தும் மணியைப் பார்த்துத்தான் ஓடியது. அந்த நேரம் பார்த்து இடுப்பால் மெஷினை ஓங்கி ஓர் இடி இடித்தான். விளக்கெல்லாம் அணைந்து ஆட்டம் நின்றது; இடித்தால் மெஷின் அப்படித்தான். மெஷினை இடித்தவன் தோற்றவன், கழகத்தின் சட்டம் அது. இடிக்காதே, இடிக்காதே என்று ஊரார் உயிரை வாங்குகிறவனே இவன்தான்.

“கால் வழுக்கிடுச்சு,” என்றான்.

வழுக்கியதாம்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்னவனுக்குப் போன் போட்டேன். அவன் “சொல்லுக்கா” என்றதும் பெரியவன் கையில் திணித்தேன். பேசுவான் என்று பார்த்தால், அந்த மடையன் போனை மெஷின் கண்ணாடிமேல் வைத்துவிட்டு, புது ஆட்டம் போட்டு ஒரு பந்தை விட்டான். மணிகள் அடித்தன. 

“இடது பக்க மணி என்ன, செத்த மாதிரி அடிக்குது?” என்றான் சின்னவன் போனில்.

பெரியவன் போன் பக்கம் குனிந்தான். “கொஞ்ச நாளா அப்படித்தான். எனக்குப் பிடிபடல.”

அந்தப் பக்கம் சின்னவன் வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. பெரியவன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மெஷினின் மணிகளை மூடியிருந்த மேல் கண்ணாடியை இரண்டு கையாலும் மெல்ல உருவி, சுவரோரம் சாய்த்து வைத்தான்.