துணைக்கால்

எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். அண்ணனுடைய அனிமேஷன் ஸ்டுடியோவில் வெளியே போகிற ஒவ்வொரு காட்சியையும் கடைசியாகப் பார்த்து, தப்பு கண்டுபிடித்து, திருப்பி அனுப்புவது என் வேலை. ஒரு ஷாட்டில் வலது தோளில் தொங்கும் பை அடுத்த ஷாட்டில் இடது தோளுக்குத் தாவியிருக்கும். பேசி முடித்த பிறகும் வாய் அசைந்துகொண்டிருக்கும். ஒரு கைக்கு ஆறு விரல் முளைத்திருக்கும். இதையே பார்த்துப் பார்த்து வீட்டிலும் எதையும் ஒரே பார்வையில் நம்புவதில்லை. என் கணவர் எனக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது ஆபீசிலும் பரவிவிட்டது. யார் பரப்பினார்கள் என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெண்களின் உரிமை, பாதுகாப்பு பற்றிப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் குட்டிக் குட்டிப் படங்கள் செய்கிறோம். ஒரு பெண்கள் அமைப்பு செய்யச் சொல்கிறது, நாங்கள் செய்து கொடுக்கிறோம். அதைப் பற்றி அண்ணன் மேடையில் பேசினால் கைதட்டல் அடங்காது. எனக்கும் பெருமைதான். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

முதல் படத்துக்கு ஒரு போஸ்டர் அடித்தோம். கையை முன்னால் நீட்டி நிற்கும் ஒரு பெண், அவள் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'வேண்டாம்'. அச்சாகி வந்து பிரித்துப் பார்த்தால் 'வேண்டம்' என்று இருந்தது. டகரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய துணைக்காலைக் காணோம். ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது சாட்சாத் நான்தான். கட்டுக் கட்டாக எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் என் கையாலேயே கிழித்துப் போட்டேன். இந்தக் கதையை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று அண்ணனே எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

ரப்பர் என்று நாங்கள் கூப்பிடும் பெண் வேலைக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. படத்தின் பின்னணியில் வரும் அறை, தெரு, படிக்கட்டு எல்லாம் வரைகிறவள். வரைவதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில், ஆனாலும் இடது கையில் ஒரு நிஜ ரப்பரை வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள். அதனால் அந்தப் பெயர். வந்த புதிதில் நன்றாகத்தான் சிரித்துப் பேசினாள். பிறகு பேச்சு குறைந்தது. நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, யாரும் பின்னால் வந்து நிற்க முடியாதபடி உட்கார்ந்தாள். திரையை மறைத்துக்கொண்டு ஏதோ திருட்டுத்தனம் செய்கிறாள் என்று மனசுக்குள் குறித்து வைத்தேன்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்த படம், முதல் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிடுகிறான், கதவைச் சாத்துகிறான். அவள் என்ன செய்யலாம், யாரிடம் சொல்லலாம் என்பதுதான் படம். கடைசி வரி நான் எழுதியது: 'யாராவது உங்களிடம் சொல்ல வந்தால் முதலில் நம்புங்கள். கேள்வியெல்லாம் பிறகு.' எழுதிவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மேனேஜர் அறையை ரப்பர் வரைந்து அனுப்பினாள். பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பேனா போட்டு வைத்திருந்த, காது உடைந்த காபிக் கோப்பை, ஒரு பட்டை மட்டும் வளைந்த ஜன்னல் திரை, மேஜைக் கண்ணாடியில் இருந்த விரிசல் எல்லாமே அண்ணன் அறையில் இருப்பவை. அண்ணனிடம் காட்டினேன். தன் அறைக்கும் சினிமாவில் சான்ஸ் கிடைத்துவிட்டது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டவனை உட்கார வைக்க இவளுக்கு என் அண்ணன் அறைதானா கிடைத்தது?

அடுத்து வந்தது கதவு சாத்தப்படும் ஷாட். அறைக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி வரைந்திருந்தாள். கதவில் ஒரு தாழ்ப்பாள், அதற்கு மேல் ஒரு போஸ்டர், போஸ்டரில் கையை நீட்டி நிற்கும் பெண். ஒரு மூலை கிழிந்து நீல டேப் ஒட்டியிருந்தது. தலைக்கு மேல் 'வேண்டம்'.

எனக்குக் காது மடல் சுட்டது. யாரோ அந்தப் பழைய கதையை இவள் காதில் போட்டிருக்கிறார்கள், இவள் என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்றே நினைத்தேன். 'கால் விட்டுப்போயிருக்கிறது. சேர்க்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. சிவப்பில் எழுதி அனுப்பினேன். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறையும் அதே கதைதான். நேரே அவள் இடத்துக்குப் போய், நாலு பேர் கேட்க, தமிழ் எழுதத் தெரியாதா என்று கேட்டேன். அவள் ரப்பரை உருட்டுவதை நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்தீங்களாக்கா?" என்றாள்.

என்னைப் பார்த்து, அதுவும் என் தொழிலை வைத்து! விடுவிடுவென்று அண்ணன் அறைக்குப் போய் அந்த ஷாட்டைக் காட்டினேன். முந்தின நாள் சிரித்த மனிதர் இப்போது சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். அந்த ஷாட்டையே எடுத்துவிடச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு நமக்குச் சரிப்பட்டு வரமாட்டா, பாப்பா. நான் வெளிய போயிட்டு வர்றதுக்குள்ள பேசி அனுப்பிடு."

தங்கை மானத்துக்காக அண்ணனுக்கு இவ்வளவு கோபமா என்று நெஞ்சு நிறைந்துதான் வெளியே வந்தேன். ஆனால் என் இடத்தில் வந்து உட்கார்ந்ததும் ஏதோ உறுத்தியது. எழுத்துப்பிழை அண்ணன் கண்ணில் படவே படாது. தன் பெயரையே தப்பாக அச்சடித்த விசிட்டிங் கார்டை மாதக்கணக்கில் ஊரெல்லாம் கொடுத்தவர். கோப்பையைப் பார்த்துச் சிரித்தவருக்குக் கதவைப் பார்த்ததும் என்ன வந்தது? அந்த ஷாட்டில் கதவு ஒன்றுதான் அவர் அறையைப் போல இல்லை. அவர் அறைக்கு ஏது தாழ்ப்பாள்? பகலெல்லாம் அந்தக் கதவு விரியத் திறந்து, பின்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். எங்கள் ஆபீசில் ஒளிவுமறைவே கிடையாது என்று வருகிறவர்களிடம் அண்ணன் அதைக் காட்டித்தான் பேசுவார். சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நான் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவேன். அதற்குப் பிறகு அந்தக் கதவு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அன்றும் யோசிக்காமல் தலையை உதறிக்கொண்டேன்.

அண்ணன் கிளம்பியதும் ரப்பரை அவர் அறைக்கு வரச் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவதை நாலு பேர் முன்னால் செய்ய வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். அவள் வாசலோடு நின்றுவிட்டாள்.

"உள்ள வா. கதவச் சாத்திட்டு உக்காரு."

"இங்கயே சொல்லுங்கக்கா."

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. குட்டு உடைந்த பயம் என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். நகரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்க் கதவைப் பிடித்தேன்.

"கதவு என்ன, கடிச்சா வைக்கும்?" என்று சொல்லி ஓங்கிச் சாத்தினேன். அவள் வெளியே, நான் உள்ளே.

கதவின் பின்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். புதுத் தாழ்ப்பாள், திருகாணிகள் பளபளத்தன. அதற்கு மேல், நான் கிழித்த கட்டுகளிலிருந்து எப்படியோ தப்பிய ஒரு போஸ்டர். கிழிந்த மூலையில் நீல டேப். கையை நீட்டிய பெண். 'வேண்டம்'.

எழுத்துப்பிழையை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். நீல டேப்பை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? இந்தக் கதவு சாத்தியிருக்கும்போது இந்தப் பக்கம் நின்றவளால் மட்டும்தான் அதை வரைய முடியும். தாழ்ப்பாளுக்கு வேறு ஏதாவது காரணம் இருக்காதா என்று மனசு கெஞ்சியது. பணம் வைக்க, தூங்க, போன் பேச. ஒன்றும் ஒட்டவில்லை. வீட்டில் வாங்குகிற பாலைக்கூட நம்பாத நான், ஒரே ஒரு ஆளை மட்டும் பார்க்காமலே பாஸ் போட்டு வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இந்த ஸ்டுடியோ, என் சம்பளம், அப்பாவுக்குப் பிறகு அப்பாவாக இருந்த மனிதர், எல்லாம் இந்தக் கதவில் தொங்கிக்கொண்டிருந்தன.

கதவைத் திறந்தேன். அவள் போகவில்லை. ரப்பரை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல், அந்தக் காலைச் சேர்க்க வேண்டாம் என்றேன். ஷாட் அப்படியே இருக்கட்டும், உன் வேலையும் அப்படியே இருக்கும், நீ சொல்வதை நம்புகிறேன் என்றேன்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"மூணு தடவ வரைஞ்சு சொன்னேன்க்கா. மூணு தடவையும் நீங்க கால் சேக்கச் சொன்னீங்க."

என் கையில் இருந்த போன் அடித்தது. அண்ணன். எடுத்தேன்.

"என்ன பாப்பா, பேசி முடிச்சிட்டியா?"

"இல்ல. இப்பதான் கேக்கவே ஆரம்பிச்சிருக்கேன்" என்றேன்.

போனை அணைத்தேன். அந்த அறைக்குள் போகாமல் வெளியிலேயே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். எது அவளுக்கு வேண்டும் என்று கேட்டேன். சுவரோரம் இருந்ததைக் காட்டினாள்.