குனிந்து வாங்கிய மாலை

சட்டசபைத் தேர்தலில் உப்பளத்துக் கூலிகளுக்குள் ஓட்டு இருந்தது ஞானத்துக்கு மட்டும்தான். வரி கட்டுகிறவர்களுக்கே ஓட்டு, அவர் நாலு பனை நிற்கிற துண்டு நிலத்துக்கு வரி கட்டுகிறவர். மஞ்சள் பெட்டியில் போட்டார். ஜெயித்தால் இடுகாட்டுக்குப் போகிற வரப்பைத் திறந்துவிடுவோம் என்று மஞ்சள் கட்சி சொல்லியிருந்தது. அந்த வரப்பை உப்பள முதலாளி சிவதாணு பிள்ளை வேலிபோட்டு, படல் வைத்து அடைத்திருந்தார். அன்றுமுதல் பிணங்கள் காயல் தண்ணீரில் இறங்கித்தான் போயின. பிள்ளை சிவப்புக் கட்சி.

தேர்தல் முடிவைக் கொண்டுவந்தவன் கூட வேலைபார்க்கிற சகாயம்.

"ஓட்டு நமக்குத்தாம் கூடுதல். ஜெயிச்சது அவங்க."

"அதெப்படிலே?" என்றான் ஞானத்தின் மகன் சுயம்பு.

"நாலு தொகுதிய நாலு பாத்தின்னு வையி. நம்ம தண்ணி முழுக்க ஒரே பாத்தியில கெட்டிக் கெடக்கு. மத்த மூணுலயும் அவங்க தண்ணி ஒரு வெரக்கடை அளவு கூடுதல். மூணும் அவங்களுக்கு."

"நல்ல கணக்கு. நமக்கு உப்பு அளக்கதும் இப்படித்தான்."

சீக்காய்ப் பாயில் கிடந்த ஞானம் எழுந்து உட்கார்ந்தார். "ஓட்டு நமக்கு, படலு அவங்களுக்கா?" என்றார். அத்தோடு மூச்சு நின்றது.

அய்யாவழிக்காரர்கள் செத்தவரைக் கிடத்துவதில்லை. உட்காரவைத்து, வடக்கு பார்க்கப் புதைப்பார்கள். சுயம்பு தகப்பனை நாற்காலியில் சம்மணமிட வைத்து நாமம் இட்டான். தலைப்பாகை கட்டினான். தலை தொங்காதபடி துண்டால் நாற்காலிச் சட்டத்தோடு இறுக்கி, முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

காயலில் வெள்ளம். இறங்கினால் பிணம் கடலுக்குப் போகும். "காலைப் பிடிச்சாவது கேப்போம்" என்று வேலிப் படலுக்கே தூக்கினார்கள்.

அந்தி மசங்கிவிட்டது. காற்றில்லை. உப்புக் குவியல்கள் மட்டும் வெளிச்சத்தை விடாமல் வைத்திருந்தன. படலில் காவல்காரன் நாராயணபெருமாள் மாலையோடும் கொட்டுக்காரர்களோடும் காத்து நின்றான். பிள்ளைக்கு வாதம், அளத்துக்கு நாற்காலியில் சுமந்துதான் கொண்டுவருவார்கள். கட்சி ஜெயித்த கையோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"மொதலாளி வந்தாச்சு! கொட்டுங்கலே!" என்றான், இருட்டில் நாற்காலியைக் கண்டு.

படல் திறந்தது. சுயம்பு வாயெடுத்தான், சகாயம் பின்னாலிருந்து இடித்தான். வாயை மூடிக்கொண்டான்.

நாராயணபெருமாள் எம்பி மாலையை நீட்டினான். நாற்காலியில் இருந்த தலை குனிந்தது. மாலை விழுந்தது. தலை நிமிர்ந்தது.

சுமந்தவர்கள் நேரே இடுகாட்டுக்கு நடந்தார்கள்.

குழியில் இறக்குமுன் சுயம்பு துண்டை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு அவன் போட்டபடியே இறுகிக் கிடந்தது. அரிவாளால்தான் அறுக்க முடிந்தது.

மண் தள்ளி முடிக்கையில் படல் பக்கம் மறுபடியும் கொட்டு கேட்டது, கேட்டதும் நின்றது. நாராயணபெருமாள் இரைக்க இரைக்க ஓடிவந்து புதுமண்ணைப் பார்த்தான்.

"ஏலே சுயம்பு, அது ஒங்கப்பனா?"

"ஆமா."

"எப்பம் செத்தாரு?"

"மத்தியானம்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "மால போடும்போ எங் காதுல சொன்னாரே மக்கா, படலைச் சாத்தாதேன்னு. நான் சரி மொதலாளின்னு சொல்லிட்டனே."

படலிலிருந்து சிவதாணு பிள்ளையின் சத்தம் வந்தது. "எவம்லே அங்க? படலைச் சாத்து!"

நாராயணபெருமாள் எழுந்திருக்கவில்லை.