ரிவர்ஸ் டிரம்

ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து கியர்காரரின் உடலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்து, மெதுவா, தலைப்பக்கம் பிடி என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். அவர் மனைவியின் கண் மட்டும் வேறெங்கோ போயிற்று. வீட்டை ஒட்டிய பட்டறையின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே தரை பளபளவென்று இருக்க, வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள்.

"விரிப்பு எங்க?" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, தரையில ஒரு பெட்ஷீட் விரிச்சிருந்துச்சே, அது எங்க?"

"எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டேம்மா. வர்றவங்க உக்காரணும்ல? ஒரே எண்ணெயும் பிசுக்குமா கெடந்துச்சு. என் தம்பி கடைசியா வர்ற எடம் அப்படியா இருக்கும்? சோப்பு போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்."

"தரையையா?"

"தரையையும்தான், அந்த இரும்பையும்தான்."

பின்கட்டில் போய்ப் பார்த்தாள். கியர்பாக்ஸின் பிளேட்டுகளெல்லாம் சாப்பாட்டுத் தட்டு காயவைக்கும் கூடையில், பெரியது பின்னால் சின்னது முன்னால் என்று அழகாக அடுக்கியிருந்தன. மிச்சம் ஒரு பக்கெட்டில் குவியலாக இருந்தது. அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, போச்சே!" என்று அலறினாள். புருஷனுக்காக அலறுகிறாள் என்று எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். அவருக்காகவும்தான். இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றின வரிசையிலேயே பெட்ஷீட்டில் வைப்பார். அவள் ஒவ்வொன்றாகத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். அந்த விரிப்பை ஒரு பூனை கூடத் தாண்டக் கூடாது. அவர் குனிந்தால் அவள் விளக்குப் பிடிப்பாள். அதனால் தெருவில் அவளுக்கு லைட்டம்மா என்று பெயர்.

கடைசியாக வந்தது கேப்டனின் கார். கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷர் ஆசை ஆசையாக வாங்கிய சொகுசுக் கார். முன்னால் போகும், பின்னால் போகாது. ரிவர்ஸில் போட்டால் இன்ஜின் உறுமும், கார் அசையாது. கியர்காரர் பிரித்தார், தேய்ந்த பிளேட்டுகளை மாற்றினார், பின்னால் போகும் கியருக்கான பிளேட்டுகள் உட்காரும் ரிவர்ஸ் டிரம்மை மட்டும் பூட்டி முடித்தார். "மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்தவர்தான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. நாத்தனாரும் கொழுந்தனும் மட்டும் கூட இருந்தார்கள். கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. பட்டறையக் காலி பண்ணி வாடகைக்கு விட்டுடலாம். அந்த பக்கெட்ட அப்படியே கேப்டன்கிட்ட குடுத்து, விஷயத்தச் சொல்லிடுவோம். அவரும் புரிஞ்சுக்குவாரு."

"நான் பூட்டுறேன்."

"நீங்களா? நீங்க லைட்டுதானே பிடிச்சீங்க?"

"பின்ன, கண்ண மூடிக்கிட்டா பிடிச்சேன்?"

கொழுந்தன் கெட்டவன் இல்லை, அண்ணி தனியாகக் கஷ்டப்படக் கூடாதே என்ற கவலை அவனுக்கு. அன்று மாலை கேப்டனே துக்கம் கேட்க வந்தார். எதையும் அவசரப்படுத்தவில்லை. கிளம்பும்போது மட்டும், "ரிவர்ஸ் போகுமாம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"போகும் சார்," என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. இந்தக் கார் போகாவிட்டால் இந்தப் பட்டறைக்கு இனி எந்தக் காரும் வராது. விளக்குப் பிடித்தவள் வீம்புக்குக் கை வைத்துக் கெடுத்தாள் என்றுதான் ஊர் பேசும். அப்புறம் பட்டறையும் இல்லை, அவளும் யாரோ ஒருவர் வீட்டு மூலையில்தான்.

மறுநாள் காலையில் புது பெட்ஷீட் ஒன்றை விரித்தாள். பக்கெட்டில் கையை விட்டாள். முதலில் தலைகால் புரியவில்லை. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வட்டம். துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்ததும்தான் கைக்கு நினைவு வந்தது. இந்தப் பல் விரலைக் கீறும், இது பம்ப்பை ஒட்டி வருவது. இந்த ஸ்பிரிங் கையை விட்டுத் துள்ளும், இது நடுவில். துடைத்துத் துடைத்து வைத்தாள், வரிசை தானாக விழுந்தது. தண்ணீரில் மேல்பூச்சு ஊறிப்போன பிளேட்டுகள் மட்டும் உதவாது. அவற்றுக்குப் பதில் புதிது வாங்கி, கியர் எண்ணெயில் ஊறப் போட்டாள்.

செய்த பாவத்தைக் கழுவ நாத்தனார் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"லைட்ட என் மூஞ்சியில எதுக்குக்கா அடிக்கிறீங்க? நானா ரிப்பேரு?"

"திட்டு, நல்லாத் திட்டு. எனக்கு வேணும்," என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கடைசியில் ரிவர்ஸ் டிரம் மிஞ்சியது. அவர் கையால் பூட்டியது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பிரிக்க மனசே வரவில்லை. இதைப் பிரித்துவிட்டால் அவர் முடித்த வேலை என்று உலகத்தில் எதுவும் மிச்சமில்லை.

"அது என் தம்பி பூட்டினதுதானே? அப்படியே வச்சிடேன்."

"உள்ள சோப்புத் தண்ணி போயிருக்கும்க்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு லாக்கைக் கழற்றினாள். பிளேட்டுகளை எடுத்தாள். அடியில் இருந்த பிஸ்டனை வெளியே எடுத்ததும் திக்கென்றது. அதன் ரப்பர் சீல் ஓரிடத்தில் மடங்கி, விளிம்பு கிழிந்திருந்தது. அந்தச் சீல்தான் எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அது கிழிந்தால் எண்ணெய் ஒழுகும், பிளேட் பிடிக்காது, ரிவர்ஸ் போகவே போகாது. எத்தனை வருஷம் எத்தனை சீல் போட்டிருப்பார்! எண்ணெய் தடவி, விரலைச் சுற்றிலும் ஒரு முறை ஓட்டி, குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி போடுவார். ஒன்று கூடக் கிழிந்ததில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொஞ்ச நாளாக அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தார். ஏன் என்று கேட்டதற்கு, குளிருது என்று சிரித்தார். அன்றைக்கு இந்த டிரம்மைக் கையில் எடுத்ததும், "லைட்டு வேணாம், வெளிச்சம் போதும். நீ போய் டீ போடு" என்றார். ஒரு நாளும் அப்படிச் சொல்லாதவர். கை நடுங்குவதை அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அனுப்பியிருக்கிறார். இந்த மக்குக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டாள்.

பிஸ்டனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அவரைக் கொண்டுபோன அன்று வராத அழுகையெல்லாம் இப்போது வந்தது. ரவிக்கையெல்லாம் எண்ணெய்.

நாத்தனார் பதறிப்போனாள். "என்னடி ஆச்சு? நான்தான் கெடுத்துட்டேனா? சொல்லித் தொலையேன்!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இல்லக்கா. நல்ல வேளை நீங்க கழுவினீங்க. இல்லன்னா இத நான் தொறந்தே இருக்க மாட்டேன்."

"கிண்டல் பண்றியா?"

"சத்தியமா இல்லக்கா."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அது அவருக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கட்டும்.

புதுச் சீலுக்கு எண்ணெய் தடவினாள். விரலைச் சுற்றிலும் ஓட்டினாள். அவசரப்படவே இல்லை. பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. எண்ணெயில் ஊறிய புது பிளேட்டுகளை அடுக்கி, லாக்கைப் போட்டு, டிரம்மின் துளையில் கம்ப்ரஸர் காற்றைப் பாய்ச்சினாள்.

டக்.

"ஆத்தாடி! என்னது அது?"

"பிளேட்டு பிடிக்குதுக்கா."

"எங்க, இன்னொரு தடவ அடி."

அடித்தாள். டக். விளக்கைப் பிடித்தபடியே நாத்தனார் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், துக்க வீடு என்பதே மறந்து.

கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்ற ஓர் ஆள் போதாது. கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே வந்து தோள் கொடுத்தான். போல்ட்டெல்லாம் முடுக்கி, எண்ணெய் ஊற்றி முடிந்தது. சட்டையெல்லாம் கறையாகிவிட்ட கடுப்பில், "ஓடலன்னா வருத்தப்படாதீங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பட்டறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடியது. பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ரிவர்ஸுக்குத் தள்ளினாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கார் உடம்பைச் சற்றே குலுக்கியது. பிரேக்கை லேசாக விட்டாள். அவ்வளவு பெரிய கார் சத்தமே இல்லாமல் பின்னால் நகர ஆரம்பித்தது.

"போவுதுடி!" என்று நாத்தனார் கத்தினாள். "ஐயோ, நெசமாவே போவுது!"

கண்ணாடியில் பார்த்தாள். நேர் பின்னால், வாசலை அடைத்துக்கொண்டு கொழுந்தனின் ஸ்கூட்டர் நின்றது. கார் அந்தப் பக்கம் வரும் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டினாள்.

"தம்பி, வண்டிய எடுங்க!"

கொழுந்தன் சாவிக்காக ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவினான். கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்கூட்டரைக் கையாலேயே தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அவள் லீவரை ரிவர்ஸிலேயே வைத்துக்கொண்டு, அவன் ஒதுங்கும்வரை காத்திருந்தாள்.