ஏற்றி இறக்கும் சஸ்பென்ஷன்

அழகுக்காகக் காரைத் தரையோடு தாழ்த்த, அதைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷனில் அண்ணன் தத்சுகி இரண்டு வகை பார்த்து வைத்திருந்தான். ஒன்று ஒரே உயரத்தில் நிற்கும். மற்றதை வேண்டியபோது ஏற்றி இறக்கலாம். முழங்கால் மடங்காத அம்மா வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போவது அந்தக் காரில்தான்.

"ஏத்தி இறக்குறதையே வாங்குடா" என்றாள் அம்மா.

"உனக்காகத்தாம்மா அது. ஆஸ்பத்திரி நாள்ல ஏத்திடுவேன்."

மாட்டி முடித்ததும் அவன் நண்பன் கோஹெய் சிகரெட் பெட்டியை நிமிர்த்திக் காருக்கு அடியில் தள்ளினான். பெட்டி நுழைந்தால்தான் அரசாங்கச் சோதனையில் கார் தேறும்.

"நூலிழையில நுழையுதுடா. இதுக்கு மேல இறக்கினா மாட்டிக்குவ."

ஆஸ்பத்திரி நாளான வியாழக்கிழமை, நான் தோள் கொடுத்தும் தாழ்ந்திருந்த காருக்குள் அம்மாவால் உட்கார முடியவில்லை.

"அண்ணா, கொஞ்சம் ஏத்திக் குடேன்" என்றேன்.

"ஏத்தினா சக்கரமெல்லாம் மறுபடி நேர் பண்ணணும். ஞாயித்துக்கிழமை பசங்க எல்லாரும் காரோட கூடுறோம். டாக்ஸி கூப்பிடு."

டாக்ஸி வந்தது, கதவு தானாகத் திறந்தது. ஓட்டுநர் எங்கள் காரைப் பார்த்து, "அழகா இறக்கியிருக்காங்களே" என்றார்.

"என் பையனோடது" என்றாள் அம்மா பெருமையாக, முழங்காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டே.